பேரம் பேசாத சந்தை

மலாயாவில், சிகாமட் ஸ்டேஷனில் நான் இறங்கினேன். என் பாய்க்கட்டுகள் இறங்கவில்லை.

ஏறும்போதே கார்டு, பாயைப் பெட்டிக்குள் கொண்டுவரக் கூடாது என்று பிடுங்கி, சரக்கு வண்டியில் டுரியான் பழக் கூடைகளின் மேல் போட்டுவிட்டார். இறங்குமிடத்தில் அவற்றை இறக்க யாருக்கும் நினைவில்லை. தண்டவாளத்தோரம் கையை ஆட்டிக்கொண்டு நான் ஓட ஓட, மழைக்காலம் முழுதும் என் உம்மா நெய்த பாய்களோடு ரயில் வடக்கே போய் மறைந்தது. அடுத்த ஊரிலிருந்து அவை திரும்பி வந்து சேரச் சாயங்காலமாயிற்று. வந்தபோது ஒவ்வொரு பாயும் டுரியான் வாடை அடித்தது.

"அலமாக்! மாப்ளே, பாய் விக்க வந்தியா, பழம் விக்க வந்தியா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார் இபுராஹீம் மாமா. உம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி; ஸ்டேஷன் ரோட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். என்னை வரச்சொல்லி எழுதியவரும் அவர்தான்.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில். வாப்பா மூட்டை தூக்குகிறவர். ஆற்றுக் கோரையைக் கிழித்து, காயவைத்து, சாயமேற்றி உம்மாவும், லாத்தா என்று நான் கூப்பிடும் அக்காவும் நெய்கிற பாய், வீட்டுக்கு மேல்வரும்படி. ஆனால் ஊர் வியாபாரி சொன்னதுதான் விலை. அக்கரையில் தோட்டங்களின் சம்பள வாரத்தில் கூடும் சந்தையில் கைவேலைச் சாமான் நன்றாகப் போகிறது என்று மாமா எழுதியதும் லாத்தா குதித்தாள். இந்த ஒருமுறை நல்லபடி விற்றுவிட்டால் இனி அந்த வியாபாரி வாசலில் நிற்க வேண்டாம் என்பது அவள் ஆசை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆகவே கடல் தாண்டி வியாபாரம் செய்ய நானே தகுந்தவன் என்று முடிவாயிற்று. பள்ளிக்கூடத்தில் வியாபாரம் சொல்லித் தருவதில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

உம்மா சொல்லியனுப்பியது இரண்டே விஷயம். "வாங்குறவங்ககிட்ட வீட்டுல என்ன விசேஷம்னு கேளு. என் பாயில யாரு உறங்குறாங்கன்னு எனக்குத் தெரியணும். கையில குடுக்கும்போது நல்லா உறங்குங்கன்னு வாய் நெறையச் சொல்லு." ஊரில் அவள் விற்கும்போது அப்படித்தான் செய்வாள். பெரும்பாலும் கல்யாணமோ சுன்னத்தோ இருக்கும். கேட்டதும் வாங்குகிறவர்கள் முகம் மலரும்.

மாமா கடையில் முதல் நாள் சாப்பிட்ட மீன் கறியைச் சொல்லாமல் விட முடியாது. புளிக்குப் பதில் ஏதோ பழத்தைப் போட்டிருந்தார்கள். கூடவே இறால் வாடை வீசும் மிளகாய்ச் சம்பல். முதல் கவளத்தில் கண்ணில் நீர் வந்தது. மூன்றாவது கவளத்தில் இன்னும் கொஞ்சம் கேட்டேன். பக்கத்து மேசையில் இரண்டு மலாய்க்காரர்கள் ஆறு இந்த வருஷம் சீக்கிரம் ஏறும் என்று பேசிக்கொண்டிருப்பதாக மாமா சொன்னார். "ஏறினா இந்த மேசை மேல ஏறி உக்காந்துதான் சாப்பிடணும்" என்றார் சாதாரணமாக. எங்கள் ஊரில் ஆறு அப்படி ஏறினால் ஒரு தலைமுறைக்குக் கதை சொல்வார்கள்.

மறுநாள் மத்தியானம் முனியன் அண்ணனின் மாட்டு வண்டியில் சந்தைக்குப் போனேன். வண்டி ஓட்டுவது போக, வீட்டில் அவர் சிரட்டையில் அகப்பை செதுக்கி அதையும் சந்தையில் விற்கிறார். வழியெல்லாம் ரப்பர் மரங்கள். ஒரே இடைவெளி, ஒரே உயரம், எல்லா மரத்திலும் ஒரே சாய்வான வெட்டு. எவ்வளவு தூரம் போனாலும் போன மாதிரியே இல்லை. காற்றே இல்லாமல் உள்ளே எங்கோ ஏதோ வெடிக்கிற சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

"யாரு சுடுறா அண்ணே?" என்றேன்.

"விதை வெடிக்குது தம்பி. இதுக்கே பயந்தா எப்படி?"

சந்தை என்பது, தோட்டப் பாதைகள் பல வந்து சேரும் ஒரு செம்மண் மைதானம். சம்பள வாரத்தில் தினமும் கூடுகிறது. சீனர் ஒருவர் மரச் செருப்பு அடுக்கியிருந்தார். தோட்டத்துப் பெண்கள் முறுக்கும், நூல் பின்னிய தலையணை உறையும் வைத்திருந்தார்கள். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்திலிருந்து வந்த மாக் தீமா என்ற அம்மாள், தாழை ஓலையில் முடைந்த வண்ண வண்ணச் சாப்பாட்டு மூடிகளைக் குவித்திருந்தாள். உட்கார இடமில்லாமல் முழங்காலும் முழங்காலும் இடித்தன. ஆனால் கடைசியில், ஒரு ரம்புத்தான் மரத்தடியில் நல்ல நிழல், இலைகூட இல்லாமல் பெருக்கினாற்போல் காலியாகக் கிடந்தது. நம் அதிருஷ்டம் என்று அங்கே பாயை விரித்தேன். முனியன் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

முதலில் தோளில் துண்டு போட்ட ஒருவர் வந்தார். ஒற்றைப் பாய் ஒன்றைக் காட்டினார். பாதியாகக் குறைப்பார் என்று கணக்குப் பண்ணி, விலையை இரட்டிப்பாகச் சொன்னேன். அவர் மடியை அவிழ்த்துக் கேட்டதைக் கொடுத்துவிட்டார். பிரித்துப் பார்க்கவில்லை. டுரியான் வாடையைப் பற்றியும் பேசவில்லை.

"வீட்டுல என்ன விசேஷம்ணே?" என்றேன் மலர்ந்து.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒண்ணுமில்ல" என்றார்.

"நல்லா உறங்குங்க!"

அவர் பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். போயிட்டு வர்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஊரில் நாளெல்லாம் சண்டை போட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்கள்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

அடுத்து இரண்டு பெண்கள். ஒருத்தி மற்றவளின் முழங்கையைப் பிடித்திருந்தாள். பிடித்தவள்தான் காசு கொடுத்தாள். பிறகு ஒரு கிழவர். அவர் மட்டும் பாயைத் தரையில் போட்டு நீளத்தைச் சாணால் அளந்தார். "ஆளு கொஞ்சம் ஒசரம்" என்றார். அளந்து முடித்துத் தலையாட்டினார். "பேரனா தாத்தா? கல்யாணமா?" என்று கேட்டேன். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

உம்மா பெருமையாக நெய்த அகலமான கல்யாணப் பாயை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஒற்றைப் பாய்தான். எல்லோரும் ஒற்றைப் பாய்தான்.

எதிரே மாக் தீமாவிடம் சந்தை சந்தையாக இருந்தது. இழுத்துப் பார்ப்பதும், வீசியெறிவதும், போவதுபோல் போய்த் திரும்பி வருவதுமாக ஒரே கூச்சல். என் மரத்தடியில் மட்டும் பள்ளிவாசல் மாதிரி அமைதி. வருகிறவர்கள் பத்தடி தூரத்திலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மாக் தீமா என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். முனியன் அண்ணன் தமிழில் சொன்னார்: "உன்கிட்ட யாருமே விலை கேக்கலியே, நீ என்ன மந்திரம் போட்டேன்னு கேக்குது."

நான் சிரித்தேன். அன்று மாமாவிடம், இந்த ஊர் ஜனங்கள் எங்கள் ஊரைப் போலில்லை, பெருந்தன்மையானவர்கள் என்று சொன்னேன். மாமா கல்லாவைத் துடைத்துக்கொண்டே, "அப்படியா?" என்றார்.

மறுநாளும் அதே கதை. ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நான் விசேஷம் கேட்டேன். நல்லா உறங்குங்க என்று வாய் நிறையச் சொன்னேன். ஒரு பெண் அதைக் கேட்டதும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஓடினாள். வயிற்று வலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. ரப்பர்க் காட்டுக்குள் முன்னமே இருட்டத் தொடங்கிவிடுகிறது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் மாடுகள் தாமாக நின்றன. முனியன் அண்ணன் இறங்கித் தலைத்துண்டை அவிழ்த்தார்.

மரங்களுக்கு நடுவிலிருந்து சிலர் வந்தார்கள். மேளமில்லை, அழுகையில்லை. காய்ந்த இலை மிதிபடும் சத்தம் மட்டும். மூங்கிலில் கட்டி நால்வர் தூக்கி வந்தது, தலையிலும் இடுப்பிலும் காலிலும் கயிறு கட்டிய ஒரு பாய். எங்களைத் தொட்டுவிடும் தூரத்தில் கடந்தது. சிவப்புக் கோடு. ஓரத்தில், மூலையில், ஒற்றைப் பச்சை இழை. அந்த இழையை உம்மாவைத் தவிர வேறு யாரும் போடுவதில்லை. இது தன் கைப் பாய் என்பதற்கு அவள் வைக்கும் அடையாளம்.

டுரியான் வாடை வந்தது. இன்றைக்கும் அந்தப் பழத்தை என்னால் வாயில் வைக்க முடியாது.

பின்னால் சாண் அளந்த அந்தக் கிழவர் நடந்தார். என்னைப் பார்த்தார். பார்க்காததுபோல் போனார்.

வண்டி நகர்ந்து பாதை திரும்பியதும் கேட்டேன். "அண்ணே, எல்லாப் பாயுமா?"

"பின்ன? பேரம் பேசினாங்களா யாராச்சும்?"

"இல்ல."

"சாவுச் சாமானுக்கு யாரு தம்பி பேரம் பேசுவா? போயிட்டு வர்றேன்னு எவன் சொல்லுவான்? உங்க ஊருல இந்த வழக்கம் கெடையாதா?"

"எங்க தெருவுல எல்லாம் முஸ்லிம்தான் அண்ணே. எங்களுக்குப் பாயில கட்டுற வழக்கமில்ல. உம்மா வித்ததெல்லாம் கல்யாணத்துக்கு."

அவர் மாட்டைத் தட்டிவிட்டுச் சொன்னார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் காய்ச்சல். ஒவ்வொரு தோட்டத்திலும் வாரத்துக்கு ரெண்டு மூணு போகிறது. அந்த ரம்புத்தான் மரத்தடியில் முன்பு கோடித் துணியும் சட்டியும் பாயும் விற்றவர் ஒருவர் இருந்தார். காய்ச்சல் அவரையும் கொண்டுபோயிற்று. அதன் பிறகு அங்கே யாரும் உட்காருவதில்லை. "நீ நேரா போயி உக்காந்தே. தெரிஞ்சுதான் வந்திருக்கே, அவரு ஆளாக்கும்னு நெனச்சேன். எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. அதுவும் ஊருக் கோரை. ஊரு மண்ணுதான் கெடைக்கல, ஊருக் கோரையாச்சும் கூடப் போகட்டும்னு வாங்குறாங்க. ஆனா நீ ஒவ்வொருத்தனையும் என்ன விசேஷம்னு கேட்டே பாரு…" அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "மொத நாளே ஒருத்தன் உன்னை அடிக்க வந்தான். நான்தான், அது சின்னப் பையன், சித்தம் சரியில்லைன்னு சொல்லி வெச்சேன்."

அன்று சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை. மாமா எதிரே வந்து உட்கார்ந்தார். அவருக்கு முதலிலேயே தெரியும்.

"ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா நீ வித்திருப்பியா? உங்க உம்மாவுக்கு எழுது. இன்னும் வரட்டும்."

"இன்னும் சாகட்டும்னா மாமா?"

"நீ பாய் கொண்டாந்ததாலயா சாகுறாங்க? உன் பாய் இல்லேன்னா சாக்குல சுத்துவாங்க. அது உனக்குச் சம்மதமா?"

நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன்.

அடுத்த நாள் மரத்தடிக்குப் போகவில்லை. மாக் தீமா தன் மூடிகளை நகர்த்தி இடம் கொடுத்தாள். கல்யாணப் பாயை மேலே விரித்து, ஒற்றைப் பாய்களை அடியில் தள்ளினேன். சந்தையின் நடு இடம், பக்கத்தில் முறுக்கு வாசனை, குழந்தைகள் சத்தம். இங்கே வாங்குகிறவர் தூங்குவதற்குத்தான் வாங்குவார் என்று நம்பினேன். ஆனால் புதிதாக ஒருவர் ரம்புத்தான் மரத்தடியில் போய் நின்றார். வெறுந்தரையைப் பார்த்தார். மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். பிறகு அத்தனை கூட்டத்தையும் கடந்து நேரே என்னிடம் வந்து, கல்யாணப் பாயைத் தூக்கி, அடியிலிருந்ததைக் காட்டினார். அவர் நடந்து வந்த வழியெல்லாம் பேச்சு அடங்கியது. நான் விலை சொல்லவில்லை, விசேஷம் கேட்கவில்லை. அவரே காசை வைத்துவிட்டுப் போனார்.

பாய்க்கட்டைக் கயிறு போட்டுக் கட்டத் தொடங்கினேன். அப்போதுதான் அஞ்சலை வந்தாள்.

அவள் பெயர் முனியன் அண்ணன் பிறகு சொன்னது. மெலிந்த பெண். ரப்பர்ப் பால் கறை படிந்த சேலை. கண்கள் தூங்கிப் பல நாளானதுபோல். ஒற்றைப் பாய் ஒன்றை உருவினாள்.

"என்ன வெலை?"

"சும்மா எடுத்துட்டுப் போங்கக்கா."

அவள் பாயை என் மடியில் வீசினாள். "சும்மாவா? சும்மா வாங்கிட்டுப் போக எங்க வீட்டுல யாருடா செத்தா? அவரு லயத்துல படுத்திருக்காரு. மூச்சு இருக்கு. பலகை முதுகை அறுக்குதுன்னு அவரே வாயைத் தெறந்து பாய் கேட்டாரு. நான் தூங்குறதுக்குப் பாய் வாங்க வந்திருக்கேன். வெலையைச் சொல்லு!"

"ஒரு… ஒரு வெள்ளிக்கா."

"ஒரு வெள்ளியா!" சந்தை முழுதும் கேட்கக் கத்தினாள். "பாயா இது, மீன் பிடிக்கிற வலையா? இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் தெரியுது. என்ன நாத்தம் இது?"

"டுரியான்க்கா. இது ஆத்துக் கோரை…"

"ஆத்துக் கோரைன்னா ஆத்துலயே வெச்சுக்க. இருபது காசு."

"எங்க உம்மா கையால நெய்ததுக்கா."

"உங்க உம்மா கைக்கு நான் வளையல் போடணுமா? இருபது காசு!"

"சரிக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். முனியன் அண்ணன் என் தோளை அழுத்தினார். "விட்டுக் குடுக்காத தம்பி" என்றார் காதருகில். "பிடி. நல்லாப் பிடி."

அப்போதுதான் கவனித்தேன். செருப்புக் கடைச் சீனர் கையில் சுத்தியலோடு நின்றுவிட்டார். முறுக்குக்காரப் பெண்கள் எழுந்து வந்திருந்தார்கள். எங்களைச் சுற்றிக் கூட்டம். எல்லாக் கண்ணும் அவள் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்தன. நான் ஒரு வார்த்தையை விட்டுவிட்டால் எங்கோ ஒரு லயத்தில் ஏதோ ஒன்று அறுந்துவிடும் என்பதுபோல்.

"கட்டுப்படியாகாது!" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கட்டுப்படியாகலேன்னா எதுக்குக் கடல் தாண்டி வந்தே? உன் பாயை நீயே போட்டுப் படு!" அவள் திரும்பி நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. நான் அவள் முதுகைப் பார்த்து இன்னொரு விலை கத்தினேன். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். மறுபடி வந்தாள். மாக் தீமாவுக்கு என்ன புரிந்ததோ, "மஹால்! மஹால்!" என்று அவள் கட்சியில் சேர்ந்துகொண்டு கையைத் தட்டினாள், விலை அதிகமாம். என் சட்டை நனைந்துவிட்டது. கடைசியில் எந்த விலைக்கு முடிந்தது என்று எனக்கு நினைவில்லை. அவள் காசை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் அழுத்தி வைத்தது நினைவிருக்கிறது.

நல்லா உறங்குங்க என்று சொல்ல வேண்டும். அதை மாற்றி, "உறங்கி எந்திரிக்கச் சொல்லுங்கக்கா" என்றேன்.

அவள் பாயை இடுக்கிக்கொண்டு கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு, ஒவ்வொருவருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "போயிட்டு… வர்றேன்."

மறுநாள் மழை. சந்தை கூடவில்லை. ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு பழுப்பாக ஓடியது. மாமா அரிசி மூட்டைகளை மேசைமேல் ஏற்றினார்; நானும் தூக்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறை வாசலில் நிழலாடும்போதும் முனியன் அண்ணனோ, சேதி என்னவோ என்று திரும்பிப் பார்த்தேன். அவர் வரவில்லை.

அதற்கடுத்த நாள் சந்தைக்குக் கடைசி நாள். சேற்றில் வண்டி இரண்டு இடத்தில் சிக்கி, நாங்கள் போய்ச் சேரும்போது பாதிச் சந்தை கலைந்திருந்தது. மாக் தீமா என்னைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கித் தலையசைத்தாள். வரவில்லை என்று அர்த்தம். முனியன் அண்ணனும் ஒன்றும் கேள்விப்படவில்லை. உட்கார்ந்திருந்தேன். ரம்புத்தான் மரத்தடியில் மழைநீர் தேங்கியிருந்தது. யாரோ ஒருவர் வந்து, பேசாமல் ஒரு பாய் எடுத்துப் போனார்.

பிறகு தோட்டப் பாதையில் ஒரு பெண் வந்தாள். அக்குளில் சுருட்டிய பாய். வாங்கிப் போகத்தான் பாயோடு நடப்பார்கள். பாயோடு ஒருவர் சந்தைக்குள் வருவதை அங்கே யாரும் பார்த்ததில்லை. பேச்சு நின்றது. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் வந்தாள். என் முன்னால் வந்து பாயை உதறி விரித்தாள்.

"காசைத் திருப்பிக் குடு."

நான் அவளையே பார்த்தேன்.

"என்னடா முழிக்கிறே? சாயமா போட்டிருக்கா உங்க உம்மா? முந்தாநாத்து ராத்திரி அவருக்கு வேர்த்துச்சு பாரு, குடம் குடமா ஊத்திச்சு. காய்ச்சல் விட்டுச்சு. விடிஞ்சு பாத்தா முதுகு பூரா செவப்புக் கோடு! வாசல்ல உக்காந்து கஞ்சி குடிக்கிறாரு. லயமே சுத்தி நின்னு புலி வந்திருச்சு, புலி வந்திருச்சுன்னு சிரிக்குது. தேச்சாலும் போகல. இதுக்கா அவ்வளவு வெலை சொன்னே?"

முதலில் சிரித்தது மாக் தீமாதான்; யாரும் மொழிபெயர்க்கும் முன்பே. நான் காசை எடுத்து நீட்டினேன். அஞ்சலை அதையும் லேசில் வாங்கவில்லை. பாதி போதும் என்றாள், பாயைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள், அதற்கும் ஒரு மூச்சுப் பேரம் நடந்தது. போகும்போது திரும்பிப் பார்க்காமலே, "வர்றேன்டா" என்றாள்.

மீதிப் பாய்களை மாமாவிடம் விட்டேன். இன்னும் அனுப்புகிறேன், ஆனால் அந்த மரத்தடியில் மட்டும் வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். எங்கே வைத்தாலும் அவர்கள் வருவார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா கேட்டாள். "யாரெல்லாம் வாங்கினாங்க? என்ன விசேஷம்?"

அஞ்சலையின் கதையைச் சொன்னேன். லாத்தா விழுந்து விழுந்து சிரித்தாள். உம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு மானம் போய்விட்டது.

"சாயம் ஒட்டிச்சா? நான் நல்லாத்தானே காய்ச்சினேன்." நனைத்து வைத்திருந்த கோரையை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு கவலையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வேற யாராவது சொன்னாங்களா வாப்பா?"

"இல்ல உம்மா. வேற யாரும் ஒண்ணும் சொல்லல."

"அப்ப அந்த ஒரு பாயிலதான் கோளாறு" என்றாள் உம்மா, நிம்மதியாக.